எஸ்தர் மிசியின் மேற்கட்டி

வானம் என்றால் எனக்கு ஒன்றுதான்: கொடியில் போட்ட துணி காயுமா, காயாதா. எஸ்தர் மிசிக்கு அப்படியில்லை. அவர் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. பொங்கிய பாலைத் துடைப்பது நான்.

மிசி அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற மாநிலத்தில், கோதுமை விளையும் சமவெளியில், ஒரு கமக்காரனுக்கு மகளாகப் பிறந்தவர். இளம் வயதிலேயே மிஷன்காரரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தார். அந்த உத்தியோகம் முடிந்த பிறகும் ஊருக்குப் போகாமல், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்துவிட்டார். நான் தையல் ரீச்சர், பெயர் அற்புதராணி. என் புருசன் மலாயாவில் காய்ச்சலில் போன பிறகு, "மிசியம்மாவுக்குக் கொஞ்ச நாளைக்குத் துணையாக இரும்" என்று பாதிரியார் கேட்டார். அந்தக் கொஞ்ச நாளில் எனக்குத் தலை நரைத்துப் போயிற்று.

மிசி சும்மா இருக்கிற மனுசி இல்லை. தன் தகப்பனுடைய வயலைப் பற்றி இங்கிலீசில் இரண்டு புத்தகம் எழுதி, படங்களும் தானே வரைந்து, அவை அவருடைய நாட்டில் அச்சாகி நன்றாக ஓடின. ஊரார் எல்லோரும் கூடி ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு மால், அதாவது பெரிய வைக்கோல் கொட்டகை, எழுப்பிக் கொடுப்பது, சுழல்காற்று வருகிறபோது நிலத்துக்குக் கீழே தோண்டிய அறைக்குள் குடும்பத்தோடு இறங்கி இருப்பது, தகப்பன் விடிய எழும்பி முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பியைக் குடிப்பது, இப்படியானவை எல்லாம் அதில் இருந்தன. ஒன்றை நான் தமிழாக்கி மாதர் கூட்டத்தில் வாசித்தேன். பனையும் தென்னையும் இல்லாத ஊர் என்று கேட்டதும் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. நாகலிங்கத்தாரின் மனைவி சிவக்கொழுந்து எழும்பிக் கேட்டாள்.

"அப்ப உந்தச் சனம் வேலியை என்னத்தாலை அடைக்கிறது?"

"வேலி இல்லை அம்மா. கண்ணுக்கு எட்டின மட்டும் வயல்தான்" என்றார் மிசி.

"வேலி இல்லையோ? அப்ப அயலோடை என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறது?"

கூட்டம் சிரித்து அடங்கப் பொழுது போயிற்று. மிசியும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், "ராணி, வேலி இல்லாட்டில் வானம் எவ்வளவு பெரிசெண்டு அவைக்குச் சொல்ல என்னட்டைத் தமிழ் காணாது" என்று மனவருத்தப்பட்டார். அவருக்கு எங்கள் பேச்சுத் தமிழ் நன்றாகவே வரும். போதாமல் இருந்தது தமிழ் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் காலத்தில்தான் அவருடைய ஊரில் புதிதாக ஒரு மண்டபம் கட்டுகிறார்கள், அதன் பெரிய சுவருக்கு அந்த ஊர் வானத்தை நீங்கள் வரைந்து தரவேண்டும் என்று கேட்டுக் கடிதம் வந்தது. மிசிக்குக் கால் நிலத்தில் படவில்லை. அவ்வளவு பெரிய துணிக்கு எங்கே போவது? தொண்டைமானாற்றில் தண்டையல் அருளம்பலம் என்று ஒருவர், பாய்க்கப்பல் ஓட்டியவர், கப்பலை விற்றுவிட்டுக் கரையில் இருந்தார். கப்பலில் கட்டாமல் வைத்திருந்த புதுப் பாய் ஒன்றை அவர் தந்தார். நான் அதைப் பிரித்து, மூட்டி, கரை மடித்துத் தைத்தேன். என் விரல் நுனியெல்லாம் ஊசி ஏறியது. மிசி அதை வீட்டின் பெரிய சாலை அறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, ஏணியில் ஏறி நின்று வரையத் தொடங்கினார்.

அடியில் ஒரு முழம் அகலத்துக்குக் கோதுமை வயலும் ஒரு சிவப்பு மாலும். மிச்சம் முழுவதும் வானம். ஒரு பக்கத்தில் கறுத்துக் குவிந்த மழை முகில், அதற்குக் கீழால் மஞ்சளாக ஒரு வெளிச்சம், மறுபக்கத்தில் வெளிறிய நீலம். வரைந்தார், அழித்தார், திரும்ப வரைந்தார். உலகத்தில் சண்டை தொடங்கி நடந்துகொண்டிருந்தது. எங்கள் சாலையில் இதுவும் நடந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க வார்னிஷ் மணம். சோறும் அதே மணம். எனக்கு நீலத்தைக் கண்டாலே தலையிடி வந்தது.

"உது சரியில்லை ராணி. அலுமாரி மாதிரி நிக்குது" என்பார், தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு.

"நல்லாத்தானே இருக்கு மிசி. நீலமாத்தானே கிடக்கு" என்பேன் நான்.

அவர் என்னைப் பார்க்கிற பார்வையில், பாவம் இவள் என்ன செய்வாள் என்று இருக்கும். அந்தப் பார்வைக்கு எனக்கு எரிச்சல் வரும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு ஒரு நல்ல சொல் கிடைக்காதா?

இதற்கிடையில் மிசியின் கால் வீங்கத் தொடங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. இருதயம் களைத்துப் போயிற்று என்றார் டாக்குத்தர். ஏணி ஏறுவது நின்றது. கதிரையில் இருந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் அவருடைய காலுக்கு எண்ணெய் தடவும்போது சொன்னார்:

"எனக்கு ஒரு ஆசைதான் மிச்சம். என்ரை அப்பாவின்ரை வயலுக்கு மேலை இருக்கிற வானத்தை ஒருக்கால் பாத்திட்டுக் கண்ணை மூடவேணும். உதை என்னாலை படமாக் கீற ஏலாது ராணி. நான் போய்ப் பாக்கவேணும்."

போவதற்குக் கப்பல் வேண்டுமே. கடலில் சண்டை. கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, அமெரிக்கர்கள் ஊருக்குத் திரும்ப ஒரு கப்பலில் இடம் இருக்கிறதென்று மிஷனிலிருந்து செய்தி வந்தது. ஆனி மாதக் கடைசியில் சுன்னாகத்தில் ரயில் ஏறவேண்டும். டாக்குத்தர் பயணம் தாங்குமோ தெரியாது என்றார். டாக்குத்தர்மார் எதைத்தான் தாங்கும் என்று சொல்கிறார்கள்? வெட்கமில்லாமல் சொல்கிறேன்: மிசியைவிட எனக்குத்தான் சந்தோசம். சுன்னாகத்தில் என் தங்கச்சி வீட்டில் எனக்கென்று ஒரு அறை இருந்தது. ஒருவருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டிராமல், விடியும் மட்டும் நித்திரை கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

படத்தையும் கூடக் கொண்டுபோவதென்று தீர்மானித்தோம். தச்சனிடம் சொல்லி நீளப் பெட்டி ஒன்று செய்வித்தாயிற்று. சுருட்டி வைக்கமுன் வார்னிஷ் மணம் போகட்டும், சோளகக் காற்றில் ஒரு நாள் கிடக்கட்டும் என்று மிசி சொன்னதால், நானும் தோட்டக்காரனுமாகத் துணியைக் கழற்றிக் குசினிக்குப் பின்னால், மாமர நிழலில், கொடிக்கயிற்றில் போட்டோம்.

அந்தக் கொடியில் போடுகிற துணிகளைத்தான் கிழமைக்கொருமுறை கட்டாடி தம்பிஐயா வெளுக்க எடுத்துப் போவார். கூப்பிடவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். வருவார், கொடியில் கிடப்பதை மூட்டையாகக் கட்டுவார், போவார். அது எத்தனையோ காலத்து வழக்கம்.

மறுநாள் காலை நாகலிங்கத்தாரின் மகள் பத்மாசினிக்குக் கலியாணம். அடுத்த ஒழுங்கையில் வீடு. எங்களுக்கும் வெற்றிலை வைத்துச் சொல்லியிருந்தார்கள். நான் விடிய எழும்பிப் பின்பக்கம் போனேன். கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் காற்றுத்தான் கொண்டுபோயிற்று என்று நினைத்து வேலி நெடுகத் தேடினேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பிறகுதான் கட்டாடியின் நினைப்பு வந்தது. அவர் வீட்டுக்கு ஓடினால், மனைவி வெளியே வந்து, அவர் நேற்றே கலியாண வீட்டுப் பந்தலுக்கு வெள்ளை கட்டப் போய்விட்டார் என்றாள். சோடா போட்டு வெள்ளாவியில் அவித்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்தேன். சாலைச் சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆணிகள் மட்டும் நின்றன.

மிசியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது இல்லாமல் நான் அங்கை போய் எந்த முகத்தோடை நிக்கிறது?" என்றார். அதன் பிறகு, "என்னையும் கூட்டிக்கொண்டு போம்" என்றார்.

அந்த வீங்கின காலோடு அவரை ஒழுங்கையால் நடத்திக்கொண்டு போனது எனக்குத்தான் தெரியும். பூவரசம் வேலியைப் பிடித்துப் பிடித்து, நின்று நின்று போனோம். மேளச் சத்தம் கேட்டது. என் மனதில் நான் தம்பிஐயாவுக்குச் சொல்லப் போவதையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டேன். நல்ல சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

வாசல் படலையைத் தாண்டியதும் கண்டேன். வாழைமரம் கட்டி, தென்னோலைத் தோரணம் தொங்கவிட்ட பந்தலுக்குள், மணவறைக்கும் சனம் இருக்கிற இடத்துக்கும் சேர்த்து மேலே மேற்கட்டியாக விரித்துக் கட்டியிருந்தது எங்கள் துணி. முகில் கிழக்கே, நீலம் மேற்கே. கோதுமை வயலும் மாலும் இருந்த கரை முன்பக்கம் தொங்கலாக மடிந்து விழுந்திருந்தது. அதற்குக் கீழே பொம்பிளையும் மாப்பிள்ளையும் இருக்க, ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிஐயா என்னைக் கண்டுவிட்டு ஓடி வந்தார். புதுச் சால்வையும் முகம் முழுக்கப் பெருமையும்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்?" என்றேன். சத்தம் போட முடியாத இடத்தில் கோபம் இரட்டிப்பாகிறது.

"ஏனம்மா? மேற்கட்டி கட்ட வெள்ளைத் துணி காணாது, சண்டையாலை கடையிலை புடவை இல்லை எண்டு போன கிழமை மிசியம்மாவிட்டைச் சொன்னனான். கொடியிலை கிடக்கிறதை எடுங்கோ, கலியாணம் முடியத் தாங்கோ எண்டவ. வந்து பாத்தால் இது கிடக்குது."

மிசி சொன்னது கட்டில் விரிப்புகளை. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இது படம் எண்டு உமக்குத் தெரியேல்லையோ? சுவரிலை மாட்டுற சாமான்!"

அவருக்கு முகம் மாறிப் போயிற்று. "வானமெல்லோ அம்மா கீறிக் கிடந்தது" என்றார். "வானத்தை ஆரும் சுவரிலை கட்டுவினையோ? மேற்கட்டிக்கெண்டுதான் மிசியம்மா பாத்துப் பாத்துக் கீறினவ எண்டு நினைச்சன்."

நான் மேலே கயிற்று முடிச்சைக் காட்டினேன். "இப்பவே அவிழும்" என்றேன். அதற்குள் நாகலிங்கத்தார் வந்துவிட்டார். புகையிலைத் தோட்டக்காரர், உரத்துப் பேசுகிற மனுசன். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"ரீச்சரம்மா, தாலி கட்டுற நேரத்திலை மேற்கட்டியை அவிழ்க்கிறதோ? என்ரை பிள்ளையின்ரை தலைக்கு மேலை? பிறகு அவள் நல்லாயிருப்பாளோ? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பந்தலில் பாதிச் சனம் எங்களைப் பார்த்தது. நான் கிறிஸ்தவச்சி, சகுனம் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் தலைக்கு மேலால் துணியை உருவ எனக்குக் கை வராது. என்ன செய்வது என்று மிசியைத் திரும்பிப் பார்த்தேன். மிசி எங்கள் ஒருவரையும் கவனிக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

சோளகக் காற்று படலையால் புகுந்து பந்தலுக்குள் வந்தது. கப்பல் பாய்க்குக் காற்றைக் கண்டால் சொல்லியா கொடுக்க வேண்டும்? அது மெல்ல உப்பியது, தாழ்ந்தது, திரும்ப உப்பியது. கறுத்த முகில் அசைந்து அசைந்து மணவறைப் பக்கமாக வந்தது. ஓமப் புகை எழும்பி அதன் அடிவயிற்றில் பரவ, அந்த மஞ்சள் வெளிச்சம் மறைந்து மறைந்து தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், "மழைக் குணமாக் கிடக்கு, பந்தியைக் கெதியா வையுங்கோவன்" என்று பகிடி விட்டார். இன்னொருவர் தொங்கலில் இருந்த சிவப்பு மால் கொட்டகையைக் காட்டி, "கோயில் தேர்முட்டியும் கீறியிருக்கு" என்றார்.

மிசிக்கு நிற்க முடியவில்லை. சிவக்கொழுந்து ஓடி வந்து பாயில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டாள். மிசி சாய்ந்து, பிறகு முழுவதுமாகவே படுத்துவிட்டார். கலியாணப் பந்தலில், அத்தனை சனத்துக்கு நடுவில், ஒரு வெள்ளைக்காரி மல்லாந்து கிடந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து பார்த்தால் அவருடைய கண்ணால் நீர் வழிந்து இரண்டு காதுப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. மிசி அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ராணி, இப்ப சரி" என்றார். "நான் ஒரு விசரி, புத்தி கெட்டவள். உதைச் சுவரிலை வைச்சுக்கொண்டு எதிரை நிண்டு பாத்தன். எங்கடை ஊரிலை வானத்துக்கு எதிரை ஆர் நிக்கிறது? கீழை எல்லோ நிக்கிறனாங்கள்."

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் எழும்பி அரிசி தூவினார்கள். மிசி மட்டும் கிடந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சடங்கெல்லாம் முடிந்து இரண்டு நாளைக்குப் பிறகு தம்பிஐயா துணியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். நாலு மூலையிலும் கயிறு கட்டக் கிழித்த ஓட்டை, நடுவில் புகைக் கறுப்பு, ஒரு கரையில் வாழைக்கயர்க் கறை. படலைக்கு இந்தப் பக்கம் வராமலே நின்றார். நான் மனதில் அடுக்கி வைத்திருந்த ஏச்சில் பாதியைச் சொல்லி முடிக்கமுன் மிசி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"தம்பிஐயா, என்ரை கட்டிலுக்கு மேலை கட்டித் தாங்கோ. அங்கை கட்டின மாதிரி."

"பெட்டிக்குள்ளை வைக்கவெல்லோ வேணும்?" என்றேன் நான்.

"பெட்டி வேண்டாம். நான் போகேல்லை ராணி. பாக்க வேண்டியதைப் பாத்திட்டன்."

தம்பிஐயா ஏணியில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போகும்வரையாவது நான் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை.

"அப்ப நான்?" என்றேன். "எனக்கும் ஒரு உடம்பு இருக்கு மிசி. எனக்கு அலுத்துப் போச்சு. உங்களை ரயிலேத்திப்போட்டு ஒரு இடத்திலை போய்க் கிடப்பம் எண்டு எவ்வளவு ஆசையோடை இருந்தனான்."

மிசி கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. "தெரியும்" என்றார். "உமக்கு நான் கூடக் கஷ்டம் தந்திட்டன். நீர் சுன்னாகத்துக்குப் போம் ராணி. மிஷனிலை சொல்லி வேறை ஆளைப் பிடிக்கலாம்."

"மண்டபக்காரருக்கு என்ன எழுதுறது?"

"வெளியிலை வந்து அண்ணாந்து பாக்கச் சொல்லி எழுதும்."

கப்பல் போயிற்று. நான் சுன்னாகத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தங்கச்சி கேட்டாள். எனக்கே தெரிந்தால்தானே அவளுக்குச் சொல்ல. மிசிக்குக் கஞ்சி காய்ச்சினேன், கால் பிடித்தேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். அவர் கட்டிலில் கிடந்தபடி மேலே பார்த்து, "இண்டைக்கு அப்பா புல்லு வெட்ட மாட்டார், கறுக்குது" என்பார். யன்னலைத் திறந்துவிட்டால் போதும், அவருக்கு வேறொன்றும் வேண்டாம். எனக்கு இடுப்பு முறிந்தது. அந்த அறைக்குள் எத்தனையோ தரம் போய் வந்தேன். ஒருநாளும் தலையை உயர்த்தவில்லை. சட்டி, பேணி, துவாய், இதுதான் என் கண்ணில் பட்டது.

ஐப்பசி பிறந்த பிறகு, ஒரு பின்னேரம், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மிசி போய்விட்டார். அறைக்குள் போய்ப் பார்த்தால் கண் திறந்து மேலே பார்த்தபடி இருந்தது. நான்தான் மூடினேன்.

செத்த வீட்டுக்குக் கட்டாடிதானே முதலில் வரவேண்டும். தம்பிஐயா வந்து சாலையில் வெள்ளை கட்டினார். ஊரெல்லாம் வந்தது, நாகலிங்கத்தார் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார், பத்மாசினி வயிற்றில் பிள்ளை என்பதால் உள்ளே வராமல் படலையடியில் நின்று அழுதாள். பாதிரியார் செபம் சொல்ல, சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்து, எல்லோரும் கலைந்துபோன பிறகு, தம்பிஐயா சாலை வெள்ளையைக் கழற்றி மடித்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, உள்ளுக்கை இருக்கிறதை இறக்கட்டோ? சவம் போனாப் பிறகு மேற்கட்டி கிடக்கப்படாது."

"கிடக்கட்டும். போயிட்டு நாளைக்கு வாரும்" என்றேன்.

அவர் போய்விட்டார். அறையைக் கூட்டிக் கழுவ வேண்டும், கட்டிலைத் தூக்கி வெளியே போட வேண்டும், தங்கச்சிக்கு ஆள் அனுப்ப வேண்டும். விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். பிறகு அதைச் சுவரோடு சாத்திவிட்டு, நிலத்தில் பாயை விரித்துப் படுத்தேன்.

அப்போதுதான் மேலே பார்த்தேன். என் கையால் தைத்த மூட்டுகள்கூடத் தெரியவில்லை. எவ்வளவு தூரம்! யன்னலால் காற்று வந்தது. அந்தக் கறுத்த முகில் மெல்ல எழும்பி, என் பக்கமாக வந்துகொண்டிருந்தது. கொடியில் மிசியின் விரிப்புகள் கிடக்கின்றன, மழைக்கு முன் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எழும்பவில்லை. நனைந்தால் நனையட்டும் என்று கிடந்தேன்.